டெராசோ நிலத்தை உடைக்க முன் இதை வாசியுங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். மன்னார்த் தீவிலும் முசலிப் பக்கத்திலும் பழைய வீடுகளைத் திருத்துகிற பலர் முதலில் செய்வது நிலத்தை உடைப்பதுதான். சிலர் பழைய நிலத்துக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். அந்த நிலம் எப்படி வந்தது, எதைத் தாங்கியது, அதை எப்படி மீட்கலாம் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பாடப் புத்தகமும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல். எங்கள் பேச்சில் வளவையும் வயலையும் காணி என்போம். வீட்டுக்குள் காலடியில் இருப்பதை நிலம் என்போம். "நிலம் கூட்டியாச்சா, நிலம் துடைச்சாச்சா" என்றுதான் உம்மாமார் கேட்பார்கள். 1990 ஒக்டோபரில் காணியையும் விட்டோம், நிலத்தையும் விட்டோம். வருடக் கணக்காகக் கழித்துத் திரும்பி வந்தபோது காணிக்கு உறுதி தேடி அலைய வேண்டியிருந்தது. கூரை போன வீட்டிலும் நிலம் மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது.

*மணலும் சுண்ணாம்பும்*

மன்னார்த் தீவு மணல் தீவு. மணலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். எங்கள் முன்னோரின் ஓலை வீடுகளுக்கு அந்த மணலும் களிமண்ணும்தான் நிலம். அயல் தமிழ் வீடுகளில் சாணம் போட்டு மெழுகுவார்கள். ஷாபிஈ மத்ஹபில் சாணம் நஜிஸ். ஆகவே தொழுகிற வீட்டில் சுத்தமான வெண்மணலுக்கும் பாய்க்கும் தனி மதிப்பு இருந்தது. நிலம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு அழகு பற்றிய விடயம் மாத்திரமல்ல. நெற்றி வைக்கிற இடம் அது.

கெட்டியான, வழுவழுப்பான நிலமும் சுவரும் முதலில் வந்தது சுண்ணாம்பால். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. கடற்கரையில் பவளக்கல்லும் சிப்பியும் நிறைய. அவற்றைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. அதைக் குழைத்துப் பூசி, காயக் காயத் தேய்த்துக் கொண்டே இருந்தால் கல் போல இறுகி மினுங்கும். தமிழ்நாட்டில் கடுக்காய் நீர், பனங்கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். சென்னைச் சுண்ணாம்பு என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியது இதைத்தான்.

இதற்கு நம் பக்கத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி அரிப்பில் இருக்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801 தொடக்கம் 1804 வரை அங்கே கடலோரக் குன்றின் மேல் ஒரு மாளிகை கட்டினார். டோரிக் என்று அதைச் சொல்வார்கள். செங்கல் கட்டடம். அதன் மேல் முத்துச்சிப்பி சுட்ட சுண்ணாம்புப் பூச்சு. முத்து எடுத்த பிறகு மிஞ்சிய ஓடு சுவருக்கு மெருகாகியது. இன்று அந்தக் கட்டடத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கொண்டிருக்கிறது. முசலிப் பாடசாலைப் பிள்ளைகளை ஒரு முறையாவது அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். பூச்சைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உடைத்து எடுக்க விடாதீர்கள்.

*சிவப்பு நிலம்*

அடுத்து வந்தது சீமெந்து. 1914இல் தலைமன்னார் வரை ரயில் வந்தது. கட்டடச் சாமான் வருவதற்குப் பாதை திறந்தது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணத்து மண்ணிலிருந்தே கிடைத்தது. களிமண் எங்கிருந்து போனது தெரியுமா? எங்கள் முருங்கனிலிருந்து ரயிலில் போனது. அந்தக் காலத்து வடக்கு வீட்டு நிலங்களில் முருங்கன் மண்ணும் கலந்திருக்கிறது.

சீமெந்துக்கு மேல் சிவப்புத் தூள் தூவி, கரண்டியால் இழைத்து இழைத்து மினுக்கிய நிலம்தான் சிவப்பு நிலம். பெருநாளுக்கு முதல் நாள் அதற்குச் சிவப்புப் பொலிஷ் பூசி, தேங்காய்ப் பொச்சு மட்டையைக் காலடியில் வைத்துத் தேய்ப்பார்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் மட்டையை முன்னும் பின்னும் இழுக்கிற அந்த வேலை பெண் பிள்ளைகளின் வேலையாகவே இருந்தது. பாதம் ஒரு கிழமைக்குச் சிவப்பாக இருக்கும். ராத்தாமாரிடம் கேளுங்கள், இடுப்பு வலியோடு கதை சொல்வார்கள். இந்த வரலாற்றை எழுதும்போது நிலம் போட்ட ஆண்களைப் பற்றி எழுதிவிட்டு, அதை நாற்பது வருடம் துடைத்த பெண்களை விட்டுவிடக் கூடாது.

*டெராசோ எங்கிருந்து வந்தது*

டெராசோ இத்தாலியச் சொல். வெனிஸ் நகரத்துக் கல் வேலைக்காரர்கள் பளிங்குக் கல்லை வெட்டும்போது சிதறிய சில்லுகளைப் பொறுக்கி, தங்கள் வீட்டு முற்றத்துக்கும் மாடித் தளத்துக்கும் சுண்ணாம்பிலோ களிமண்ணிலோ பதித்துத் தேய்த்தார்கள். பணக்காரன் வீட்டுக்குப் பளிங்கு, வேலைக்காரன் வீட்டுக்கு அதன் சில்லு. பின்னர் போர்ட்லண்ட் சீமெந்தும் மின்சாரத்தில் ஓடும் தேய்ப்பு மெசினும் வந்த பிறகு 20ஆம் நூற்றாண்டில் உலகமெங்கும் பரவியது. வைத்தியசாலை, ரயில் நிலையம், பாடசாலை, பள்ளிவாசல் என்று ஆள் நடமாட்டம் கூடிய இடங்களுக்கெல்லாம் அதுவே ஏற்றதாக இருந்தது. தமிழ்நாட்டில் இதை மொசைக் தரை என்பார்கள். இலங்கையில் டெராசோ.

நம் நாட்டில் இதற்கான சில்லு கண்டிப் பக்கம் திகனையிலும் மாத்தளையிலும் எடுக்கும் டொலமைட், பளிங்குச் சுண்ணக்கல்லிலிருந்து கிடைக்கிறது. வெள்ளைச் சீமெந்து கப்பலில் வந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். கட்டடச் சாமானுக்குப் பெரிய தட்டுப்பாடு. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது. அதே காலத்தில்தான் எங்கள் ஊர் இளைஞர்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களில் 80களின் முதல் பாதியில் எழுந்த வீடுகளைப் பாருங்கள். வெளிநாட்டுக் காசு முதலில் கூரைக்கும் பிறகு நிலத்துக்கும் போயிருக்கிறது.

நிலம் போடுகிற முறையைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பும் விளங்கும். அடியில் கொங்கிரீட். அதன் மேல் மணலும் சீமெந்தும் கலந்த படுக்கை. கடல் மணல் போட்டால் உப்பு விடாது என்பதால் அருவியாற்று மணல் வேண்டும். அந்தப் படுக்கையில் பித்தளை அல்லது அலுமினியம் அல்லது கண்ணாடிப் பட்டிகளை நட்டுச் சதுரம் சதுரமாகப் பிரிப்பார்கள். அழகுக்கு மட்டுமல்ல அந்தப் பட்டி. சீமெந்து சுருங்கும்போது வெடிப்பு நடுவில் ஓடாமல் பட்டியோரத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக. பிறகு சில்லும் வர்ணம் கலந்த சீமெந்தும் சேர்ந்த கலவையை அரை அங்குல அளவில் பரப்பி, உருளையால் அமுக்கி, பல நாள் நீர் கட்டி வைப்பார்கள்.

அப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் சீமெந்துதான். இறுகிய பிறகு கரடுமுரடான கார்பொரண்டம் கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போதுதான் சில்லு ஒவ்வொன்றாக முகம் காட்டும். ஊசித் துவாரங்களை அதே நிறச் சீமெந்துக் குழம்பால் அடைத்து, காயவிட்டு, அடுத்த கல்லால் மீண்டும் தேய்ப்பார்கள். 60ஆம் நம்பர் கல், 120, 320 என்று கல் நைசாகிக் கொண்டே போகும். மெசின் எட்டாத மூலைகளையும் படியோரத்தையும் கையால் தேய்க்க வேண்டும். கடைசியாக ஒக்ஸாலிக் தூளைத் தண்ணீரோடு போட்டுத் தேய்த்துக் கழுவி, மெழுகு பூசி முடிப்பார்கள்.

பல வீடுகளில் வாசற்படியில் ஆண்டைப் பதித்திருப்பார்கள். சில வீடுகளில் பிறையும் நட்சத்திரமும், சில வீடுகளில் வீட்டுக்காரரின் பெயர் முதல் எழுத்துகள். பள்ளிவாசல்களில் பட்டியை ஸப்பு வரிசைக்கு அளவாக, கிப்லாவைப் பார்த்து நட்டிருப்பார்கள். கயிறு கட்டாமலே வரிசை நேராக நிற்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மலைநாட்டுச் சில்லு, முருங்கன் களிமண் கலந்த சீமெந்து, அருவியாற்று மணல், வளைகுடா நாட்டு உழைப்பு, அயல் ஊர் மேசன்பாஸின் முழங்கால். அந்த பாஸ் தமிழராக இருந்திருப்பார், முஸ்லிமாக இருந்திருப்பார், தெற்கிலிருந்து வந்த சிங்களவராகவும் இருந்திருப்பார். ஒரு விறாந்தைக்குள் இந்த நாடே கலந்து கிடந்தது.

*ஒக்டோபர் 1990*

அந்த மாதத்தின் கடைசிப் பகுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரும், ஏறக்குறைய 75,000 பேர், சில நாட்களுக்குள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தொகையில் அதிகம் பேர் எங்கள் மன்னார் மாவட்டத்தவர்கள். தீவிலிருந்தவர்கள் வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். தரைவழியாக நடந்து போனவர்களும் உண்டு. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். இங்கே நிலத்தின் கதையை மட்டும் சொல்கிறோம்.

முந்தாநாள் வரை டெராசோவில் நடந்தவர்கள் புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில், மண் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். எங்கள் வயதுக்காரர்களில் பலர் பிறந்து தவழ்ந்தது அந்த மண்ணில்தான். மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முகாமில் மூத்தம்மாமார் விட்டுவந்த வீட்டைப் பற்றிச் சொல்லும்போது நகையைப் பற்றிச் சொன்னதை விட நிலத்தைப் பற்றிச் சொன்னது அதிகம். எந்த அறையில் பச்சை, எந்த அறையில் மஞ்சள், எந்த மூலையில் வெடிப்பு என்று எல்லாம் மனப்பாடம். புத்தளம் நாகவில்லுவில் எங்கள் மக்கள் இன்னொரு எருக்கலம்பிட்டியை உண்டாக்கினார்கள். பெயரைக் கொண்டு போக முடிந்தது. நிலத்தைக் கொண்டு போக முடியவில்லை.

பின்னால் விட்டுவந்த நிலங்களுக்கு நடந்தது ஒன்றல்ல. ஓடு, மரம், கதவு, ஜன்னல் நிலை எல்லாம் கழற்றிக்கொண்டு போகப்பட்ட வீடுகள் உண்டு. கூரை போனதும் மழை நேரே நிலத்தில் விழுந்தது. வெடிப்பில் விதை விழுந்து உடைமரம் முளைத்தது. வேர் பட்டியோரமாகப் புகுந்து சதுரங்களைத் தூக்கியது. நெருப்புப் பட்ட வீடுகளில் சில்லு வெந்து பொரிந்து மாவாகியது. சுண்ணக்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு ஆகும் என்று மேலே சொன்னோமே, அதே வேலை வீட்டுக்குள் நடந்தது. சுவர் இடிந்து மண் மூடிய இடங்களில் நிலம் அழியாமல் இருந்தது. மேலே கிடந்த மண்ணே அதற்குப் போர்வையானது.

இன்னொரு வகை வீடும் உண்டு. யுத்தத்தால் தங்கள் சொந்த ஊரை இழந்து இடம்பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் எங்கள் வெற்று வீடுகள் சிலவற்றில் இருந்தார்கள். அதைப் பற்றி எங்களிடையே பலவிதமான உணர்வுகள் இருக்கின்றன. வீட்டைத் திருப்பிக் கேட்டு அலைந்தவர்களின் கஷ்டத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நிலத்தைப் பார்த்தவர்கள் ஒன்றை மறுக்க முடியாது. ஆள் இருந்த வீட்டு நிலம் பிழைத்தது, ஆள் இல்லாத வீட்டு நிலம் பிளந்தது. யாரோ ஒரு தாய் தினமும் அதைக் கூட்டியிருக்கிறாள், மழை ஒழுகிய இடத்தில் சட்டி வைத்திருக்கிறாள், முளைத்த செடியைப் பிடுங்கியிருக்கிறாள். அவளும் தன் நிலத்தை எங்கோ விட்டுவிட்டு வந்தவள்தான்.

*திரும்பி வந்தபோது*

2002 யுத்தநிறுத்தத்தில் சிலர் வந்து பார்த்தார்கள். 2009க்குப் பிறகுதான் கூட்டமாக வர முடிந்தது. பெருநிலப்பரப்பு ஊர்களில் பல இடங்களில் மிதிவெடி அகற்றி முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காடு வெட்டி உள்ளே போனால் முதலில் தட்டுப்பட்டது கிணறு, அடுத்தது நிலம். மண்ணை வழித்துவிட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் நிறம் தெரியும். "இது எங்கட விறாந்தை" என்று பெரியவர்கள் அடையாளம் சொன்னது சுவரைப் பார்த்தல்ல, நிறத்தைப் பார்த்து.

அது வெறும் நினைவு விடயமாக நிற்கவில்லை. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிக் காணிகள் வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டன. இருபது வருடம் ஆள் இல்லாத இடத்தில் காடு வளரத்தான் செய்யும். அங்கே ஊர் இருந்தது என்பதற்கு எங்கள் மக்கள் காட்டியவை பழைய கிணறுகள், பள்ளிவாசல் இடிபாடுகள், அத்திவாரங்கள், நிலங்கள். இடம்பெயர்வில் கடதாசி தொலைந்து போனவர்களுக்கு, ஆண்டு பதித்த ஒரு வாசற்படி எவ்வளவு பெரிய சாட்சி என்பதை யோசித்துப் பாருங்கள்.

2010இல் மன்னார்ப் பாலம் புதிதாகத் திறந்தது. லொறியில் டைல்ஸ் வந்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபா, திருத்த வேலைக்கு 250,000 ரூபா என்று கிடைத்தது. அந்தக் காசில் சுவரும் கூரையும் ஒப்பேறினாலே பெரிய காரியம். நிலத்துக்கு மிஞ்சியது சீமெந்துதான். பிறகு கையில் காசு சேர்ந்ததும் எல்லோரும் டைல்ஸுக்குப் போனார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. முகாமில் வளர்ந்தவனுக்குப் பளபளக்கும் புது நிலம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கீழே நல்ல டெராசோ கிடந்தால், உடைக்க முன் ஒரு முறை கழுவிப் பாருங்கள்.

*எப்படிக் கழுவுவது, எப்படி மீட்பது*

பாஸ்மாரிடமும் பழைய வீட்டு உம்மாமாரிடமும் கேட்டுத் தெரிந்ததையும், விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் சேர்த்துத் தருகிறோம்.

முதல் விதி: அசிட் கூடாது. ஆய்வுகூடத்தில் பளிங்குச் சில்லில் ஐதான அமிலத் துளி விட்டால் நுரைக்கிறதே, கல்சியம் காபனேற்று கரைந்து காபனீரொட்சைட்டு வெளியேறுகிறதே, அதுதான் உங்கள் வீட்டு நிலத்திலும் நடக்கும். மலசலகூடம் கழுவும் அசிட், வினாகிரி, எலுமிச்சம்பழம், புளி எல்லாம் இதில் அடங்கும். "அசிட் போட்டதும் ஊத்தை போய்விட்டது" என்பார்கள். ஊத்தையோடு மேல் மெருகும் போகிறது. அடுத்த மாதம் இரண்டு மடங்கு ஊத்தை பிடிக்கும். அசிட்டையும் குளோரினையும் சேர்த்து ஊற்றவே வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு உயிருக்கு ஆபத்து.

அப்படியானால் பாஸ் கடைசியில் ஒக்ஸாலிக் போடுகிறாரே என்று கேட்பீர்கள். அதுவும் அமிலம்தான். ஆனால் அது கல்லோடு சேர்ந்து கரையாத மெல்லிய படையொன்றை உண்டாக்குகிறது. தேய்க்கத் தேய்க்க அந்தப் படை மினுங்கும். அது நச்சுப் பொருள். கையுறையோடு, பழகிய பாஸ் அளவாகப் போட வேண்டியது. வீட்டில் வாளியில் கரைத்து ஊற்றுகிற சாமான் அல்ல.

இரண்டாவது: மணல். மன்னாரில் டெராசோவின் முதல் எதிரி அதுதான். காலில் ஒட்டிவரும் மணல் மேல் நடப்பது நிலத்தை அரத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். வாசலில் தும்புக் கால்மிதி, உள்ளே இன்னொரு மிதி. துடைக்க முன் உலர்வாகக் கூட்ட வேண்டும். மணலோடு சேர்த்து ஈரத் துணியால் இழுத்தால் கீறல் விழும். பள்ளிவாசலில் வுழூச் செய்துவிட்டு ஈரக்காலோடு முற்றத்து மணலை மிதித்து உள்ளே வருவதால்தான் வாசற்பக்கத்துச் சதுரங்கள் முதலில் மங்குகின்றன. வுழூ இடத்திலிருந்து வாசல் வரை பத்தடிக்குக் கல் பதித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவது: உப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சவர். நிலத்துக்கு அடியிலிருந்தும் உப்பு ஈரம் ஊறி வருகிறது. மேலே வந்து தண்ணீர் ஆவியாகும்போது உப்பு பளிங்காகி வெள்ளையாகப் பூக்கும். அதற்கு உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த தூரிகையால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். பிறகு மழைத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். திரும்பத் திரும்பச் செய்யக் குறையும். ஈரம் ஊறும் நிலத்துக்கு அவசரப்பட்டு மேலே பளபளப்புப் பூச்சு அடித்தால் உப்பு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வளர்ந்து மேற்பரப்பைப் பொரிய வைக்கும். முதலில் கூரை ஒழுக்கு, பீலி, குசினிக் குழாய்க் கசிவு எல்லாவற்றையும் திருத்திவிட்டு ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். நிலத்தில் கைவைப்பது அதற்குப் பிறகு.

நான்காவது: பழைய மெழுகு. ஆண்டுக்கணக்காகப் பொலிஷ் மேல் பொலிஷ் பூசிய நிலம் மஞ்சளாக, ஒட்டுப் பிடித்ததாக இருக்கும். நிறம் மாறிவிட்டது என்று நினைத்து உடைத்தவர்கள் இருக்கிறார்கள். மெழுகு கழற்றும் திரவத்தைக் கதவுக்குப் பின்னால் ஒரு சாண் இடத்தில் போட்டுப் பாருங்கள். கீழே உண்மை நிறம் தெரியும். அன்றாடம் துடைக்க அமிலமும் காரமும் அதிகமில்லாத மென்மையான சவர்க்காரத் திரவம் கொஞ்சம் போதும். சவர்க்காரத் தூள் அதிகம் போட்டால் படலம் நிற்கும், வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கவனம்.

ஐந்தாவது: கறை. எண்ணெய்க் கறைக்குச் சுண்ணக்கல் தூளையோ வெள்ளைக் களிமண்ணையோ சவர்க்காரத் தண்ணீரில் குழைத்துக் கறையின் மேல் அப்பி, பொலித்தீன் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு பொலித்தீனை எடுத்துவிட்டுக் காய விடுங்கள். காயும்போது எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். ஒரு தடவையில் போகாது. வெற்றிலைக் கறைக்கும் இரும்புக் கறைக்கும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் பாஸைக் கூப்பிடுவது நல்லது.

ஆறாவது: வெடிப்பும் உடைவும். வேர் தூக்கிய சதுரத்தைப் பட்டியோரமாக வெட்டி எடுத்து, வேரைத் தோண்டி, படுக்கையைத் திரும்பப் போட்டு அதே சதுரத்தை மட்டும் புதிதாக வார்க்கலாம். நிறம் பொருந்துவதுதான் கஷ்டம். அதற்காக உடைந்த துண்டுகளை எறியாமல் ஒரு உரப்பையில் கட்டி வையுங்கள். பழைய சில்லின் அளவையும் நிறத்தையும் பார்த்துத்தான் பாஸ் கலவையைத் தீர்மானிப்பார். வார்க்க முன் சிறு பலகையில் மாதிரி போட்டு, காய்ந்து தேய்த்த பிறகு நிறம் பாருங்கள். ஈரத்தில் பார்க்கும் நிறமும் காய்ந்த நிறமும் வேறு.

கடைசியாக முழு நிலத்தையும் மெசினால் மீளத் தேய்ப்பது. இப்போது வைரத் துகள் பதித்த தட்டுகள் இருக்கின்றன. கரடானதில் தொடங்கி நைசானது வரை படிப்படியாகப் போக வேண்டும். இடையில் ஒரு நம்பரைத் தாண்டினால் கீறல் தெரியும். தண்ணீர் விட்டு ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள். காய்ந்த தூசி பாஸின் நுரையீரலுக்குக் கேடு. அவர் முகக்கவசம் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் கடமையும்தான். தேய்த்த சேற்றுத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கமோ வடிகானிலோ விடாமல் ஒரு குழியில் வாருங்கள். கானுக்குள் போனால் சீமெந்தாக இறுகும்.

ஒவ்வொரு தேய்ப்பிலும் போவது மயிரிழையளவுதான். சில்லுப் படையோ அரை அங்குலம். உங்கள் பிள்ளை, பேரப்பிள்ளை காலத்திலும் திரும்பத் தேய்த்துப் புதிதாக்கலாம். டைல்ஸின் மேல் மினுக்கம் ஒரு முறை தேய்ந்தால் தேய்ந்ததுதான். இன்னொன்று, பழைய நிலத்தின் மேல் டைல்ஸ் ஒட்டினால் நிலம் உயரும். கதவையெல்லாம் அடியில் வெட்ட வேண்டும். வாட்டம் மாறித் தண்ணீர் அறைக்குள் திரும்பும். பள்ளிவாசலில் ஸப்பு வரி மறைந்து போய், பிறகு அதற்கும் நாடா ஒட்ட வேண்டி வரும்.

*என்ன செய்யலாம்*

எல்லா நிலத்தையும் காப்பாற்ற முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். நெருப்பில் பொரிந்ததை, அடிப்படுக்கை சரிந்ததை உடைக்கத்தான் வேண்டும். புது வீடு கட்டுகிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் போடட்டும். உடைப்பதாக இருந்தாலும் அதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, நிலத்தைக் கழுவி, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். வாசற்படியில் ஆண்டோ எழுத்தோ இருந்தால் கிட்ட வைத்து எடுங்கள். இரண்டு, வீட்டில் மூத்தவர் உயிரோடு இருந்தால் அந்த நிலம் எப்போது போட்டது, எந்த ஊர் பாஸ் போட்டார், 1990இல் அந்த அறையில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். அல்லது தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். மூன்று, ஆண்டு பதித்த அந்த ஒரு சதுரத்தையாவது வெட்டி எடுத்து முற்றத்திலோ பள்ளிவாசல் வளவிலோ பதித்து வையுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரம் 9, 10 பிள்ளைகளுக்கு வரலாற்றுச் செயற்றிட்டம் கொடுக்கும்போது இணையத்தில் பிரதி பண்ணக்கூடிய தலைப்பைக் கொடுக்காதீர்கள். "உங்கள் தெருவில் உள்ள பழைய நிலங்கள்" என்று கொடுங்கள். பிள்ளை அளவு நாடாவோடு பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். தமிழ் வீட்டுக்கும் போகட்டும், முஸ்லிம் வீட்டுக்கும் போகட்டும். அங்கே யார் இருந்தார்கள், யார் போனார்கள், இடையில் யார் கூட்டித் துடைத்தார்கள் என்று கேட்டு வரட்டும். எங்கள் மாவட்டத்தின் வரலாற்றில் பெரியவர்கள் சண்டை போடாமல் பேச முடியாத பகுதிகள் பல இருக்கின்றன. ஒரு விறாந்தை நிலத்தில் உட்கார்ந்து அதன் கதையைக் கேட்பதில் அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

மூத்த தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. எந்த அறையில் பச்சை, எந்த அறையில் மஞ்சள் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் பத்து வருடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வாளி மழைத் தண்ணீரும் ஒரு துணியும் எடுத்துக்கொண்டு போங்கள். படத்தை எங்களுக்கும் அனுப்புங்கள். ஊர் பெயரையும் ஆண்டையும் மறக்காமல் எழுதுங்கள்.